புற்றுநோயும் கலமேற்பரப்பு வாங்கிகளும்



ஆண்டுதோறும் ஒரு சாஸ்திரப் பொருளைப் பற்றி, அதனைக் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே அமர்ந்து கேட்கத்தக்க வண்ணம், தமிழிலேயே ஒரு சொற்பொழிவு நிகழவேண்டும் என்பது இவ்வறக்கட்டளையை நிறுவிய பெருமக்களின் விருப்பம். வைத்திய விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் இயலுமா என்ற ஐயம் ஈழநாட்டில் எழவேண்டிய அவசியமே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, மானிப்பாயில் இருந்துகொண்டு, சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூலையும் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் அச்சேற்றித் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். இத்திருகோணமலை நகரத்து இந்துக் கல்லூரியில் தொண்டாற்றிய சுவாமி விபுலாநந்தர், 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் வகுத்த வழியிருக்க, நான் முன்னுரையை நீட்டுதல் வேண்டா.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், புற்றுநோயை விளைவிக்கும் பரம்பரையலகுகளுள், கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் வாங்கிகளை ஆக்குவன எவ்வாறு இனங்காணப்பெற்றன என்பது. பொருள் பெரிது, பொழுதோ சிறிது. ஆதலின், அவ்வகைப் பரம்பரையலகுகள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் கூறாமல், பம்பாயிலிருந்து அமெரிக்கா சென்ற ஓர் இந்திய விஞ்ஞானியின் பரிசோதனையில் 1982ஆம் ஆண்டு வெளிப்பட்டு, இன்று நம் வைத்தியசாலைகளின் நோயியல் அறிக்கைகளில் ‘ஹேர்-2’ என்ற பெயருடன் இடம்பெறும் ஒன்றனையே பிரதானமாகக் கொண்டு பேசக் கருதுகிறேன். ஒன்றைக் கண்டறிதல் வேறு. கண்டதன் பயனை உணர்தல் வேறு. உணர்ந்த பயனை நோயாளியிடம் கொண்டு சேர்த்தல் வேறு. இம்மூன்றுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்துவிடக்கூடும் என்பதை இந்த ஒன்றன் சரித்திரமே தெளிவாகக் காட்டும்.

முதலில் வாங்கி என்பது யாது எனப் பார்ப்போம். நம் சரீரத்தில் உள்ள கோடானுகோடிக் கலங்கள் ஒவ்வொன்றையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கிறது. வளர்தல், பிளவுறுதல், வளர்ச்சியை நிறுத்துதல் ஆகிய செயல்களுக்கு வேண்டிய கட்டளைகள் பெரும்பாலும் கலத்துக்கு வெளியிலிருந்தே வருகின்றன. அவற்றைச் சுமந்துவரும் இரசாயனப் பொருள்களுள் ஒரு வகைக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இக்காரணிகள் சவ்வைக் கடந்து உள்ளே புகுவதில்லை. துறைமுக வாயிலில் நிற்கும் சமிக்ஞைக் கோபுரம், வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பல் காட்டும் கொடியைக் கண்டு, அதன் கருத்தை உள்ளே அறிவிக்கிறது. கப்பல் நின்ற இடத்திலேயே நிற்க, செய்தி மாத்திரம் துறைமுகத்தினுள் சென்றுவிடுகிறது. அவ்வாறே, ஒரு பகுதி வெளியிலும், ஒரு பகுதி சவ்வினூடும், எஞ்சிய பகுதி கலத்தின் உள்ளுமாக நின்று, வெளிச்செய்தியை உள்ளே சேர்ப்பிக்கும் புரதமே வாங்கி எனப்படும். காரணி வந்து வெளிப்பகுதியிற் பொருந்தியதும், அண்டையிலுள்ள இரு வாங்கிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. உள்ளே உறங்கிக்கிடந்த நொதியப் பகுதி விழித்து, தைரோசீன் என்னும் அமினோவமிலத்தின்மேற் பொசுபேற்றுக் கூட்டங்களை ஏற்றுகிறது. கலத்தின் கருவரை சென்று சேரும் கட்டளைத் தொடருக்கு அதுவே முதற்படி.

இவ்வகைக் காரணிகளுள் ஒன்றனை ஸ்டான்லி கோஹன் என்பவர் 1962இல் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். அதனைப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசிமூலம் ஏற்றியபோது, அவற்றின் கண்ணிமைகள் உரிய காலத்துக்குப் பல நாள் முன்னரே திறந்துகொண்டன. இமை திறந்த இச்சிறு காட்சியே மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்னும் பொருளின் இருப்புக்குப் பிரத்தியட்சப் பிரமாணமாயிற்று; 1986இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அக்காரணிக்குரிய வாங்கியைப் பின்னர் இனங்கண்டவர்களும் அவரும் அவர் சகபாடிகளுமே. ஆயினும், அந்த வாங்கிக்கும் புற்றுநோய்க்கும் நேரான சம்பந்தம் உண்டென்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

மற்றொரு திசையில், 1911இல் பெய்ற்றன் றவுஸ் கோழியின் கட்டியொன்றை வைரசு உண்டாக்குவதைக் காட்டியதும், அந்த வைரசின் புற்றுநோய்ப் பரம்பரையலகு ஆதியில் கோழியின் சொந்தப் பரம்பரையலகே என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் என்னும் இருவர் குழுவினர் நிலைநாட்டியதும் நீங்கள் கேள்வியுற்றிருக்கக்கூடியவை. புற்றுநோயின் விதை வெளியிலிருந்து வருவதன்று, நமக்கே உரிய பரம்பரையலகு திரிந்ததன் விளைவே அது என்னும் கருத்து அன்று முதல் வலுப்பெற்றது. அங்ஙனமாயின், வைரசின் துணையின்றித் தோன்றும் கட்டிகளில் திரிந்த பரம்பரையலகு எது என்பதை அறிவது எவ்வாறு என்ற வினா எஞ்சியது. அதற்கு விடை காணும் உபாயத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் றொபேட் வைன்பேர்க் அவர்களின் ஆய்வுகூடம் வகுத்தது. அந்த உபாயத்தைச் சற்று நின்று பார்த்தல் தகும்.

கட்டியின் கலங்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுப்பார்கள். அதனைக் கல்சியம் பொசுபேற்றோடு சேர்த்தால் மிக நுண்ணிய வீழ்படிவு தோன்றும். அவ்வீழ்படிவை, சுண்டெலியின் தொடுப்பிழையத்திலிருந்து பெற்று வளர்ப்புத் தட்டில் வளரவிட்ட கலங்களின்மேல் தூவுவார்கள். அக்கலங்கள் இயல்பில் ஒழுங்குடையவை. ஒன்றையொன்று தொட்டதும் வளர்ச்சியை நிறுத்தி, தட்டின் அடியில் ஒற்றைப் படையாகவே பரந்து கிடக்கும். வீழ்படிவிலுள்ள டி.என்.ஏ.த் துண்டுகளை அவற்றுட் சில உட்கொள்ளும். உட்கொண்ட துண்டில் புற்றுநோய்ப் பரம்பரையலகு இருக்குமாயின், அந்தக் கலம் மாத்திரம் ஒழுங்கை மீறிப் பெருகி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். இரண்டு மூன்று வாரங்களில், தெளிவான பரப்பின் நடுவே செறிந்த புள்ளியாக அக்குவியல் தென்படும். ஆயிரமாயிரம் பரம்பரையலகுகளுக்கு இடையே குற்றவாளி ஒன்று உண்டென்பதற்கு அந்தப் புள்ளியே சாட்சி.

பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லட்சுமி சரண் பாடி அவர்கள் அந்த ஆய்வுகூடத்தில் எடுத்துக்கொண்டவை எலியின் நரம்பு மண்டலக் கட்டிகள். சினையாயிருந்த எலிகளுக்கு எதில்நைத்திரசோயூரியா என்னும் இரசாயனத்தை ஊட்டியதனால், அவற்றின் குட்டிகளிடம் தோன்றிய கட்டிகள் அவை. அவற்றின் டி.என்.ஏ. தூவப்பெற்ற கலங்கள் குவியல்களை உண்டாக்கின. குவியற் கலங்களைச் சுண்டெலிகளுக்கு ஏற்றிக் கட்டி வளரச் செய்து, அச்சுண்டெலிகளின் குருதி நீர்ப்பாயத்தை அவர் எடுத்தார். கட்டியின் கலங்களிலே தமக்கு அந்நியமான புரதம் ஏதேனும் இருக்குமாயின், அதற்கு எதிரான பிறபொருளெதிரியைச் சுண்டெலியின் சரீரம் ஆக்கியிருக்கும் என்பது அவருடைய ஊகம். கதிர்வீசும் பொசுபரசு ஊட்டப்பெற்ற கலங்களைக் கரைத்து, அக்கரைசலில் அந்தப் பாயத்தைச் சேர்த்து, பிறபொருளெதிரி பற்றிக்கொண்ட புரதத்தை மாத்திரம் வீழ்த்தி, ஜெல்லில் ஓடவிட்டு, கதிர்ப்படச் சுருளில் பதிவெடுத்தபோது, ஒரு கரிய பட்டை தெளிவாகத் தெரிந்தது. அப்புரதத்தின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 185,000. வேறு புற்றுநோய்ப் பரம்பரையலகுகளால் மாற்றமுற்ற கலங்களில் அது தூண்டப்படவில்லை. எலியின் நரம்புக் கட்டிகளின் டி.என்.ஏ. புகுந்த கலங்களிலோ அது திரும்பத் திரும்பத் தோன்றிற்று. 1982இல் ‘செல்’ சஞ்சிகையில் பாடி, ஷீ, வைன்பேர்க் முதலியோர் பெயருடன் இம்முடிபு வெளியாயிற்று. நரம்புக் கட்டியிற் கிடைத்தமை பற்றி அப்பரம்பரையலகு ‘நியூ’ எனப் பெயர்பெற்றது.

அதே 1982இல், அதே ஆய்வுகூடத்திலும் பிற இடங்களிலும், மனிதனின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து ‘ராஸ்’ என்னும் வேறொரு பரம்பரையலகும் இனங்காணப்பெற்றது. 12ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதில் வலீன் வந்து அமர்ந்தமையே அதன் குற்றம் என்பதும் தெளிவாயிற்று. விஞ்ஞான உலகின் கவனம் முழுவதும் ராஸின் பக்கம் திரும்பிற்று. ஆயின், இரண்டும் நின்ற இடத்தை நோக்குங்கள். ராஸ் ஆக்கும் புரதம் மென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கிறது. நியூ ஆக்கும் புரதமோ சவ்வை ஊடுருவி வெளியே தலைநீட்டி நிற்கிறது. குருதியிற் செலுத்தப்பெறும் பிறபொருளெதிரி முன்னதைத் தீண்டவும் முடியாது. பின்னதையோ எளிதிற் பற்றிக்கொள்ளும். பிற்காலச் சரித்திரம் இந்த வேறுபாட்டையே பின்பற்றிச் சென்றது. நியூவின் மனித வடிவத்துக்கு எதிரான மருந்து 1998இல் அங்கீகாரம் பெற்றது. ராஸின் ஒரு விகாரத்தை நேராகத் தாக்கும் முதல் மருந்துக்கு 2021வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. புற்றுநோயை விளைவிக்கும் புரதம் எது என்று அறிவதோடு, அது கலத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் உடனே கேட்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

அந்தக் கேள்வி 1982இற் கேட்கப்படவில்லை. புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் புரதம் கையில் இருந்தது. அதனைப் பற்றும் பிறபொருளெதிரியும் கையில் இருந்தது. உயிரோடு வளரும் கட்டிக் கலங்களின்மேல் அப்பிறபொருளெதிரியை இட்டு, வளர்ச்சி நிற்கிறதா என்று பார்த்திருக்கலாம். ஓர் இரவிற் செய்து முடிக்கத்தக்க பரிசோதனை அது. சித்தார்த்த முகர்ஜி புற்றுநோயின் சரித்திரத்தைப் பற்றி 2010இல் வெளியிட்ட பெருநூலில், வைன்பேர்க் அவர்களே இதனை நினைந்து வருந்தியதைப் பதிவு செய்திருக்கிறார். பரம்பரையலகு எவ்வாறு புற்றுநோயை விளைவிக்கிறது என்னும் தத்துவத்தில் ஆழ்ந்திருந்தவர்களுக்கு, அதனை மருந்தாக்கும் எண்ணம் அப்பொழுது உதிக்கவில்லை. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை; ஒரு வினாவிலே முழுக் கவனமும் செலுத்துகிறவனுக்கு அடுத்த வினா கண்ணிற் படாமற் போவது மனித இயல்பு. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1985இல், ஜெஃப்ரி டிரெபின், மார்க் கிறீன் முதலியோர் நியூவுக்கு எதிரான ஒற்றைவகைப் பிறபொருளெதிரியை அத்தகைய கலங்களின்மேல் இட்டார்கள். மேற்பரப்பிலிருந்த புரதம் குறைந்தது. ஒழுங்கு மீறிய கலங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின.

இதற்கிடையில், தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த நதிகள் ஒன்றுகூடின. கோழியிடம் குருதிப் புற்றை விளைவிக்கும் வைரசொன்றின் ‘ஏர்ப்-பி’ என்னும் பரம்பரையலகு, கோஹன் கண்ட மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியே, வெளிப்பகுதி அறுபட்ட நிலையில் உள்ளது என்பதை 1984இல் மைக்கேல் வாட்டர்ஃபீல்ட் முதலியோர் காட்டினர். செய்தியை ஏற்கும் பகுதி இல்லாமலே, உட்பகுதி ஓயாது கட்டளை பிறப்பித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டில், நியூவும் அந்த வாங்கிக் குடும்பத்தின் உறுப்பினனே என்பது வெளியாயிற்று. எலியின் நியூவில் நேர்ந்த திரிபு எத்துணைச் சிறிது என்பதை 1986இல் கோரி பார்க்மன் என்பவரும் அவர் சகபாடிகளும் கண்டனர். சவ்வினூடு செல்லும் பகுதியில், 664ஆம் இடத்தில், வலீனுக்குப் பதில் குளுத்தாமிக் அமிலம் அமர்ந்திருந்தது. அந்த ஒன்றினால், காரணி எதுவும் வராமலே வாங்கிகள் இணைந்து விழித்துக்கொண்டன.

மனிதனிடத்தில் நிகழ்வதோ வேறு. 1985இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் அக்சல் உல்றிக் குழுவினர் நியூவின் மனித வடிவமாகிய ஹேர்-2 பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். ஜப்பானிலும் அமெரிக்காவின் பிற கூடங்களிலும் அதே காலத்தில் அதே பரம்பரையலகு வேறு பெயர்களில் வெளிப்பட்டது. உல்றிக்கின் கையில் பரம்பரையலகு இருந்தது, அதற்குரிய நோய் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் டெனிஸ் சிலேமன் என்னும் வைத்தியரிடம் உறைபெட்டி நிறையப் புற்றுநோய் இழையங்கள் இருந்தன, ஆராய்வதற்குரிய பரம்பரையலகு இல்லை. ஒரு சொற்பொழிவின் பின்னர் இருவரும் கூடிப் பேசியதன் பயனாக, 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 30 கட்டிகளில் ஹேர்-2 பரம்பரையலகு இரண்டு மடங்கு முதல் இருபது மடங்குக்கு மேலும் பெருகியிருந்தது. அவ்வாறு பெருகிய பெண்களிடம் நோய் விரைந்து திரும்பிற்று, ஆயுளும் குறைந்தது. எலியின் நரம்பில் கண்டது மனித நரம்புக் கட்டிகளில் முக்கியமாகவில்லை, மார்பகத்திலே முக்கியமாயிற்று. பின்னர் வந்த கணக்குகளின்படி, மார்பகப் புற்றுநோய்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 15 முதல் 20வரை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஹேர்-2 வாங்கியைப் பற்றும் சுண்டெலியினது பிறபொருளெதிரியை மனித சரீரம் ஏற்காது என்பதால், 1992இல் அதன் பற்றும் பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு, எஞ்சியதை மனிதப் புரதமாக மாற்றி அமைத்தார்கள். டிராஸ்டுசுமாப் என்னும் அம்மருந்து 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோய் முற்றிப் பரவிய 469 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிபு 2001இல் வெளிவந்தது; வழக்கமான மருந்துகளோடு இதனையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்தது. சிறிய ஏற்றம் எனத் தோன்றலாம். ஆயின் 2005இல் வெளியான சோதனைகளில், தொடக்க நிலையிலேயே சத்திரசிகிச்சைக்குப் பின் இம்மருந்தைப் பெற்றவர்களிடம் நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரே மருந்து, ஒரே வாங்கி. வேறுபட்டது காலம் ஒன்றே. இருதயத் தசையைத் தளர்த்தக்கூடிய தீங்கு அதற்கு உண்டு; ஆதலின் சிகிச்சை நடக்கும் ஓராண்டுக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை இருதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் அதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவிலும் பிற நாடுகளிலும் அதனையொத்த மருந்துகள் தயாரிக்கப்படுவதனால் விலையும் இறங்கி வந்திருக்கிறது.

வாங்கிகளை ஆக்கும் பிற பரம்பரையலகுகளும் இவ்வழியே பயன் தந்துள்ளன. ‘றெற்’ என்பது நான் முற்கூறிய டி.என்.ஏ. மாற்றும் உபாயத்தாலேயே 1985இல் வெளிப்பட்டது. ‘கிற்’ வாங்கியின் திரிபால் வரும் இரைப்பை குடற் கட்டிகளுக்கு மாத்திரை உண்டு. மேற்றோல் வளர்ச்சிக் காரணி வாங்கியின் விகாரம், நுரையீரற் புற்றுநோயாளருள் யாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என 2004இல் அறியப்பட்டது.

இனி, இவையெல்லாவற்றுக்கும் இத்துறைமுக மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அவ்வாறு கண்டறியப்பெற்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பாரபின் மெழுகிற் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, ஹேர்-2 வாங்கியைப் பற்றும் பிறபொருளெதிரியை அதன்மேல் இட்டு, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோயியல் வைத்தியர் பார்க்கிறார். கலங்களின் ஓரம் முழுவதும் கபில நிறத்தில் அழுத்தமாகக் கோடிட்டதுபோலத் தெரிந்தால் 3+ என்று எழுதுகிறார். 0 அல்லது 1+ ஆயின் இல்லை என்பது கருத்து. 2+ ஆயின் நிச்சயமின்மையால், பரம்பரையலகின் எண்ணிக்கையையே நேரிற் கணக்கிடும் மற்றொரு சோதனை வேண்டும். 1982இல் கதிர்ப்படச் சுருளில் தெரிந்த அந்தக் கரிய பட்டையின் பிற்கால வாரிசு இந்தக் கபிலக் கோடு. அறிக்கையின் ஒரு மூலையில் உள்ள இந்த ஓர் எண்ணே, அந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆயினும் எண் எழுதப்படுவதற்கு முன், நோயாளி வந்தாக வேண்டும். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரைப் பெண்கள் பாதை என்னும் மிதவையேறித் துறை கடந்தே பட்டினத்து வைத்தியசாலைக்கு வந்தார்கள். சிகிச்சையின் பொருட்டு மட்டக்களப்புக்கும் மகரகமவுக்கும் இரவுப் பயணம் செய்த குடும்பங்கள் இம்மண்டபத்திலும் இருக்கக்கூடும். தூரம் ஒரு தடை. அதனினும் பெரிய தடை தாமதம். மார்பிலே கட்டி தட்டுப்பட்டும், “நோகேல்லைத்தானே, பார்ப்பம்” என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. நோவின்மை நன்மைக்கு அறிகுறி அன்று. மார்பகப் புற்றுநோயின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கென்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் மகளிர் நல்வாழ்வுச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. மார்பகப் பரிசோதனையும் அங்கே இலவசம். மருத்துவ மாது வீட்டுக்கு வந்து அழைத்தும் போகாதிருப்பது நம் குற்றமே.

ஆதலால் மூன்று விண்ணப்பங்களோடு முடிக்கிறேன். தாய்மார்களே, கட்டி தட்டுப்பட்டால், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் காட்டுங்கள். குடும்பத்தாரே, மார்பகப் புற்றுநோய் என்று அறிவிக்கப்பெற்றால், வாங்கிச் சோதனைகள் செய்யப்பட்டனவா, ஹேர்-2 எத்தனை என்று வைத்தியரைக் கேளுங்கள். அறிக்கையின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது தேவைப்படும். மாணவர்களே, நீங்கள் எந்த ஆய்வுகூடத்தில் நின்றாலும், பரிசோதனை முடிந்ததென்று தட்டை எடுத்து வைக்குமுன், இதனால் யாருக்கு என்ன செய்யலாம் என்ற ஒரு வினாவைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு ஓர் இரவு செலவாகுமாயின், அந்த இரவைச் செலவிடுங்கள்.